ஏசி தூக்கமும் இஜிஆர் வால்வும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் ஆட்களுக்கு டீசல் கார் ஓட்டுகிறேன். சில மாதங்களாக வண்டியில் இழுவை இல்லை; கரும்புகை வேறு. ஸ்கேனர் வைத்துப் பார்க்காமலே ஃபில்டரை மாற்றினேன், சென்சாரை மாற்றினேன். டேஷ்போர்டில் எரிந்த இன்ஜின் எச்சரிக்கை விளக்கு அணையவே இல்லை.

ஒரு நாள் காலை, நான்கு பெண்களோடு மேம்பாலம் ஏறும்போது வண்டி அப்படியே துவண்டுவிட்டது. பின்னால் வந்த கன்டெய்னர் லாரி ஆரன் அலற, மயிரிழையில் ஒதுங்கிப் போனது. பின் சீட்டில் ஒரு பெண் அழுதேவிட்டார்.

மெக்கானிக் பாய் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, இஜிஆர் வால்வைக் கழற்றினார். புகையில் கொஞ்சத்தை மறுபடியும் இன்ஜினுக்கே திருப்பிவிடும் வால்வு அது. கரி அப்பி, மூட முடியாமல் திறந்தபடியே நின்றிருந்தது.

"ட்ரிப்பு இல்லாதப்போ இன்னா பண்ற நைனா?"

"அடுத்த ஷிப்டு உடற வரைக்கும் கம்பெனி கேட்டாண்ட ஏசி போட்டுக்குனு தூங்குவேன் பாய்."

"தெனம் அத்தினி நேரம் நின்ன எடத்துலயே இன்ஜின் ஓடுனா, கரி சேராம இன்னா பண்ணும்?"

வால்வைச் சுத்தம் செய்து மாட்டிக் கொடுத்தார்.

இப்போது இன்ஜினை அணைத்துவிட்டு, கம்பெனி மதில் நிழலில் துண்டை விரித்துப் படுக்கிறேன். வேர்க்கிறது, கொசு பிடுங்குகிறது, சரியாகத் தூக்கம் வருவதில்லை. மேம்பாலம் ஏறும்போது கண்ணாடியில் பார்க்கிறேன்: பின் சீட்டில் அந்தப் பெண்கள் தூங்குகிறார்கள்.