உள்ளேயே கக்கூஸ்

ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க்கில் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற டெஸ்மண்ட், காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற வீட்டுவண்டியான கேரவன் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மூன்று வருடம் எடுத்துக்கொண்டார். போகிற கண்காட்சியிலெல்லாம் சுவரைத் தட்டுவார், அடியில் படுத்துப் பார்ப்பார், செருப்புக் காலோடு கட்டிலில் புரள்வார். மனைவி கிளெனிஸ் வெயிலில் நிற்பாள்.

"உள்ளேயே கக்கூஸ் வேணும். இந்த வயசுல எவன் பின்னாடியும் வரிசையில நிக்க மாட்டேன்" என்றார்.

அப்படியே ஒன்றை வாங்கினார். முதல் பயணத்தில், கேரவன்கள் தங்கும் கடலோரப் பூங்காவில் நிறுத்தியதுமே சட்டம் போட்டார்: "கக்கூஸை யாரும் தொடக் கூடாது. அடியில இருக்கற பெட்டி ரொம்பினா எவன் தூக்கிட்டுப் போய்க் கொட்டறது?" மடக்கு நாற்காலிகளையும் தூண்டில்களையும் அதற்குள் அடைத்தார். மறுநாள் விடிந்ததும் தோளில் துண்டோடு, பூங்காவின் பொதுக் கழிப்பறை வரிசையில் ஏழாவது ஆளாக நின்றார் துரை.

கிளெனிஸ் நாற்காலிகளை எடுத்து வெளியே வீசினாள். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். அதற்குப் பிறகு பொதுக் கழிப்பறைப் பக்கம் அவள் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

நான்காம் நாள் காலை, நிரம்பிய பெட்டியைச் சுமந்துகொண்டு அதே வரிசையைத் தாண்டிப் போனார் டெஸ்மண்ட்.

"பாத்தியா டெஸ்," என்றாள் கிளெனிஸ், "உன்னை யாரும் வரிசையில நிக்கச் சொல்லல."