வெறும் பெட்ரோல்

காசிமை எனக்குப் பிடிக்காது. பாளையம்பட்டியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் எல்லோரும் எனக்கு ஒன்றுதான் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். ஆனால் ஒரு சிலரைத் தூரத்தில் கண்டாலே ஷட்டரை இழுத்துவிடலாமா என்று தோன்றும். அதில் முதல் ஆள் காசிம். செயின் வாங்கினால் ஒவ்வொரு கண்ணியாக மடக்கிப் பார்ப்பான். ஆயில் டப்பாவைத் திறந்து மோந்து பார்ப்பான். கடையில் நாலு பேர் நிற்கிற நேரமாகப் பார்த்து, "வெள்ளத்துரை, இதையெல்லாம் சாமான்னு வச்சு விக்கிறியே, ஒனக்குக் கூசலையா?" என்பான். அப்புறம் அதையே வாங்கிக்கொண்டும் போவான்.

நரிக்குடிக்குக் கிழக்கே கண்மாயை ஒட்டிய ஊர் அவனுக்கு. மீசை அரும்புகிற வயதில் ஓமனுக்குப் போனவன், அது நரைத்த பிறகு திரும்பினான். அங்கே ஒரு பணக்கார வீட்டு ஷெட்டில் வேலை. அந்த வீட்டுப் பிள்ளைகள் டிரையல்ஸ் என்கிற போட்டி பைக் ஓட்டுகிறவர்கள். அந்த வண்டிக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. பாறை, பள்ளம், மரக்கட்டை எல்லாவற்றின் மேலும் ஏறி இறங்க வேண்டும். கால் தரையில் படக்கூடாது, பட்டால் புள்ளி போச்சு. நின்றுகொண்டே ஓட்டுவதால் சீட் கிடையாது. காசிம் அவற்றைக் கழுவினான், பிரித்தான், மாட்டினான், போட்டிக்கு ஏற்றிப்போய் இறக்கினான், முதலாளி பிள்ளைகளுக்கு வெயிலில் குடை பிடித்தான். ஆள் இல்லாத நேரத்தில் ஷெட்டுக்குப் பின்னால் தானே ஓட்டிப் பழகினான். போட்டியில் அவனை ஓட்டச் சொல்லி யாரும் கேட்டதில்லை. தன் நெஞ்சில் நம்பர் துணியைக் கட்டிக்கொண்டு ஒரே ஒரு போட்டியிலாவது ஓட்டிவிட வேண்டும் என்பதுதான் அவனுடைய ஆசை. இதை அவனே என்னிடம் சொன்னான். சொல்லும்போதும் என் கடை ஸ்பார்க் பிளக்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் குறை தேடிக்கொண்டிருந்தான்.

கோயம்புத்தூரில் ஒரு மில் முதலாளியின் மகன் ஆசையாக வாங்கி, விழுந்து, பயந்து, மூடிவைத்த டிரையல்ஸ் வண்டி ஒன்று விலைக்கு வந்தது. துணைக்கு என்னைக் கூப்பிட்டான். நானும் புத்திகெட்டுப் போனேன். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் வண்டியை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தார்கள். காசிம் என்ஜினைத் தொட்டுப் பார்த்தான். ஆறட்டும் என்று தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆறின என்ஜின் எப்படி எடுக்கிறது என்று பார்க்காமல் வாங்க மாட்டானாம். சாப்பாட்டு நேரம் வந்து போனது, அசையவில்லை. பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, பாறையில் இடிபடுகிற தகட்டைக் கழற்றச் சொல்லி, உள்ளே சட்டத்தில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவினான். சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிக் கேட்டான். விற்கிறவன் முகம் செத்துப்போனது. எனக்குப் பசியில் காது அடைத்துவிட்டது.

குட்டி யானை லோடு வண்டியில் ஏற்றி வந்து இறக்கியதும் ஊரே கூடிச் சிரித்தது. "சீட்டு பின்னாடி தனி லோடுல வருதா?" என்று கேட்டார்கள். அவன் மனைவி ஷம்சாத் பேகம் சிரிக்கவில்லை. அவளுக்கு வேறு கோபம். எங்கள் பக்கம் போர்த் தண்ணி உப்பு. குடிக்கிற தண்ணி வண்டியில் வந்தால்தான் உண்டு. காசிம் அந்த நல்ல தண்ணியைத்தான் ரேடியேட்டருக்கு ஊற்றினான். உப்புத் தண்ணி ஊற்றினால் உள்ளே சுண்ணாம்பு மாதிரி படிந்து என்ஜின் கொதித்துப்போகும்.

"மனுசரு வாய் கொப்புளிக்கவே அளந்து புழங்குறோம். இவுக வண்டிக்கு நல்ல தண்ணி கேக்குதாம்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள் ஷம்சாத்.

"ஒன் வாய் உப்பைத் தாங்கும். ரேடியேட்டர் தாங்காது" என்பான் இவன்.

பெட்ரோலிலும் இதே கெடுபிடிதான். அந்த வண்டிக்கு ஆயிலைப் பெட்ரோலோடு கலந்தே ஊற்ற வேண்டும். கலக்காவிட்டால் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். நான் அவனுக்காகவே வரவழைத்துக் கொடுக்கிற நீல ஆயிலை ஊசி போடுகிற சிரிஞ்சில் அளந்து, கேனில் குலுக்கி, தன் கையாலேயே ஊற்றுவான். வேறு யாரும் அந்தக் கேனைத் தொடக்கூடாது.

பக்கத்து வீடு ஷம்சாத்தின் தம்பி சகாபுதீனுடையது. ஆட்டு யாவாரி. அந்த வீடு கட்டிக் குடிபோன விருந்துக்கு மச்சானை நேரில் வந்து அழைக்காமல், வாட்ஸ்அப்பில் ஒரு அட்டையை அனுப்பிவிட்டான். ஓர் அடி தள்ளி இருக்கிற வீட்டுக்கு வாட்ஸ்அப். காசிம் போகவில்லை, ஷம்சாத்தையும் விடவில்லை. அன்றோடு இரண்டு ஆண்களுக்கும் பேச்சு நின்றது. சகாபுதீனின் ரோஷமும் லேசுப்பட்டதல்ல. அக்கா மறைவாகக் கறி கொடுத்தனுப்பினால்கூட, அந்தச் சட்டியை வெறுமனே திருப்பித் தர மாட்டான். நாலு முட்டையோ ஒரு கை வெல்லமோ போட்டுத்தான் அனுப்புவான். பாசமெல்லாம் இல்லை. காசிம் வீட்டுச் சோற்றில் வளர்ந்தான் என்ற பேச்சு வந்துவிடக்கூடாது, அவ்வளவுதான்.

காசிம் எதிர்பார்த்த போட்டி ஒருவழியாக வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் நடத்தினார்கள். பெயர் கொடுத்தான், நம்பரும் கொடுத்துவிட்டார்கள். போட்டிக்கு முந்தின வாரம் பின் டயர் வாங்க மதுரைக்குப் போனான். போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. இங்கே கண்மாய் நிறைந்து ரோட்டை அறுத்துவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகுதான் ஊர் திரும்பினான். வண்டி விட்ட இடத்திலேயே, விட்டதைவிடச் சுத்தமாக நின்றது. டேங்கும் நிறைய இருந்தது. தான் நிரப்பிவிட்டுப் போனதாக நினைத்துக்கொண்டான். எல்லாவற்றையும் மோந்து பார்க்கிறவன், போட்டி அவசரத்தில் அதை மட்டும் மோந்து பார்க்கவில்லை.

மறுநாள் காலை கண்மாயில் மிஞ்சின தண்ணீர் வழிகிற கலுங்கின் கற்களில் ஏற்றிப் பழகினான். பாதிக் கல் ஏறும்போது என்ஜின் பூட்டுப் போட்ட மாதிரி நின்றது. கல்லில் விழுந்து மணிக்கட்டு வீங்கிப்போனது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் பழி ஷம்சாத் மேல்தான் விழுந்தது. "உப்புத் தண்ணிய ஊத்துனது நீதானடி" என்று கத்தியிருக்கிறான். ஒன்றுக்கு ஒன்பது பேசுகிற ஷம்சாத் பேசாமல் நின்றதிலேயே அவன் விளங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

குட்டி யானையில் வண்டி என் கடை வாசலுக்கு வந்தது. ரேடியேட்டர் தண்ணியை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்பில்லை. சிலிண்டரைக் கழற்றினான். பிஸ்டன் சுற்றிலும் சீப்பால் கீறியது போலக் கோடு கோடாக இருந்தது. டேங்கில் இருந்ததைக் கண்ணாடி டம்ளரில் பிடித்தான். அதில் நீலமே தெரியவில்லை.

"எவனோ வெறும் பெட்ரோல ஊத்திருக்கான்" என்றான் மெதுவாக.

எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது, பொய் சொல்வானேன். அவன் ஷம்சாத்துக்குப் போன் போட்டு ஒரு பெயரைக் கேட்டு வாங்கினான். கேட்டதும் அதே குட்டி யானையில் ஏறினான். நானும் கடையை அடைத்துவிட்டு ஏறினேன். உதவிக்காக அல்ல, வேடிக்கை பார்க்க.

சகாபுதீன் வீட்டு வாசலில் நின்று காசிம் கத்தினான். "ஏலே, வெளிய வாடா. எம் வண்டிய எதுக்குடா தொட்ட?"

சகாபுதீன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். இரண்டு முழங்காலிலும் தோல் உரிந்திருந்தது. "தொட்டேன். ஓசியில தொடல. நரிக்குடி பங்க்ல டேங்க் நெறய பெட்ரோல் போட்டுத்தான் நிறுத்திருக்கேன். ஓங்க பெட்ரோல் ஒரு சொட்டு எம் மேல கடனா நிக்கக் கூடாது."

"நீ ஊத்துனதுதான்டா அதைக் கொன்னுச்சு. எண்ணெய் கலக்காம ஊத்துனா செத்துரும்டா அது."

"ஊத்தாம விட்டா ஓசில ஓட்டுனான்னு ஊரெல்லாம் சொல்லுவீக. ஊத்துனா கொன்னுட்டான்னு சொல்றீக. ஓங்க கூட மனுசன் இருப்பானா?"

"எதுக்குடா எடுத்த? அதச் சொல்லு."

ஷம்சாத்தான் அவள் வாசலில் இருந்து சொன்னாள். "அஸ்மாவுக்கு இழுப்பு வந்துருச்சு. உறிஞ்சுற மருந்து தீந்துபோச்சு, புள்ள மூச்சுக்குத் தவிக்குது. ரோட்டுல இடுப்பளவு தண்ணி. ஓங்க வண்டி ஒண்ணுதான் கண்மாய்க் கரை மேல போகும். நான்தான் எடுத்துக் குடுத்தேன். மச்சான் காதுக்குப் போனா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாகன்னு எங்கிட்ட ஆணை வாங்கிட்டான்."

அஸ்மா சகாபுதீனின் மகள். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கையில் அந்த மருந்துக் குப்பி. காசிம் அவளைப் பார்த்தான். பிறகு சகாபுதீனின் முழங்காலைப் பார்த்தான்.

"கரையில கால ஊண்டுனியா?"

"ஊண்டாம? போற வழியெல்லாம் ஊண்டித்தான் போனேன். வழுக்குது, உக்கார எடமில்ல."

"போட்டின்னா அங்கனயே ஒன் புள்ளியெல்லாம் போயிருக்கும்" என்றான் காசிம். திரும்பித் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். இவ்வளவு தூரம் வந்தும் ஓர் அடி விழவில்லை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

போட்டி அவன் இல்லாமல் நடந்து முடிந்தது. நம்பர் துணி தபாலில் வந்ததை அவன் பிரிக்கவே இல்லை என்று ஷம்சாத் சொன்னாள். அடுத்த வருஷம் நடத்துவார்களா என்று யாருக்கும் தெரியாது; நடத்தினாலும் அந்த மணிக்கட்டு கேட்குமோ என்னவோ. எனக்கு அவனைப் பிடிக்காதுதான். ஆனாலும் அன்றைக்கு அந்த டம்ளரைப் பார்த்து மனசு குளிர்ந்ததை நினைத்தால் இப்போது கசக்கிறது.

பிஸ்டன் வந்து சேர்ந்து, சிலிண்டரைச் சரிபண்ணி, வண்டி ஓடத் தொடங்கிய பிறகு ஒரு நாள் கடைக்கு வந்தான். மச்சினனோடு பேச்சு இன்னமும் கிடையாதாம். நீல ஆயில் இரண்டு டப்பா கேட்டான். எப்போதும் ஒன்றுதான் வாங்குவான். கெட்டுப்போகும் என்று இருப்பு வைக்க மாட்டான்.

"ரெண்டாவது எதுக்கு?" என்றேன்.

"அந்த மடையன் வீட்டுச் சன்னல்ல வைக்க" என்றான் டப்பாவைத் திறந்து மோந்துகொண்டே. "மறுபடி அந்தப் புள்ளைக்கு இழுத்தா எப்படியும் வண்டிய எடுப்பான். எடுத்தா, எப்படியும் பெட்ரோல் ஊத்துவான்."