கடலுக்குப் போகாத ஜீப்

தணிகாசலம் இறந்த செய்தி நம் ஓய்வூதியர்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மேலே ரோஜாப்பூவுடன் ஒரு காலை வணக்கம், கீழே மூட்டுவலிக்கு முடக்கத்தான் கீரை, நடுவில் அவர். பழக்கதோஷத்தில் ஒருவர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார். நான் அப்போது சிறுசேரியில் மகன் வீட்டில் இருந்தேன். செங்கல்பட்டு வந்து சேர்வதற்குள் குழுவில் இரங்கல் முடிந்து, அகவிலைப்படி பற்றிய விவாதம் தொடங்கிவிட்டது.

அவரோடு கணக்குப் பிரிவில் இருந்த உங்களுக்கு அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஆனால் ஓய்வுபெற்ற பிறகு அவர் பெரும்பாலும் ஜீப்புக்கு அடியில் வாழ்ந்தவர். வீட்டுக்கு வந்த உங்களில் பலர் அவருடைய பாதங்களை மட்டுமே விசாரித்துவிட்டுப் போயிருப்பீர்கள்.

ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் அது. புது வண்டிகளில் மூட்டுகளை மூடியே அனுப்புகிறார்கள், ஆயுளுக்கும் கிரீஸ் அடிக்க வேண்டாம் என்று ஷோரூம்காரர் ஒருவர் அவரிடம் சொன்னார். "யாரோட ஆயுசு?" என்று தணிகாசலம் கேட்டார். கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பதில் வராததால் பழைய ஜீப்பே வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை நாஸ்தா ஆனதும், "கோமளா, துணி" என்று ஒரு குரல் கொடுப்பார். அவர் மனைவி பழைய புடவையில் ஒரு துண்டு கிழித்துத் தருவார். கிரீஸை அழுத்தி உள்ளே ஏற்றும் கிரீஸ் கன்னின் வாயைப் பொருத்துகிற சின்ன உலோகக் குமிழுக்கு நிப்பிள் என்று பெயர். அதை முதலில் துடைப்பார். அதில் மண் இருந்தால் அதுவும் கிரீஸோடு உள்ளே போய் மூட்டை அரைத்துவிடும். பிறகு ஸ்டியரிங் ராடின் முனைகள், ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் மூட்டுகள் என்று ஒவ்வொன்றாக அடிப்பார். கறுத்த கிரீஸ் பிதுங்கி வெளியேறி, பின்னால் புதுசு தலைகாட்டும்வரை கையை எடுக்க மாட்டார். "பழசு வெளிய வந்தாத்தான் சார் புதுசு உள்ள போச்சுன்னு அர்த்தம்" என்பார். இதை அவர் பணியில் இருந்தபோது சொல்லாதது நல்லது. நம்மில் பலர் நம்மைத்தான் சொல்கிறார் என்று நினைத்திருப்போம்.

கடைசியாக, பிதுங்கியதையெல்லாம் சுத்தமாகத் துடைத்துவிடுவார். விட்டால் தூசி ஒட்டுமாம்.

ஒரு ஆயுத பூஜையன்று கோமளா ஜீப்பைக் கழுவி, மாலை போட்டு, அடியிலும் கைவிட்டு எல்லா நிப்பிளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். துடைக்க அடியில் போன தணிகாசலம் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"இன்னாடி இது?"

"சின்னச் சின்னத் தலையா கீது, பொட்டு வெச்சேன். தப்பா?"

"சாமி உள்ள போனா ஜாயின்ட் போயிடும்டி."

"அப்ப சாமிய வெளிய நிக்கச் சொல்லு. வருசம் பூரா நீதான உள்ள கீற?"

அவர் ஒவ்வொரு பொட்டாகத் துடைத்தார். ரேடியேட்டருக்கு மேலே கோமளா வைத்த பெரிய பொட்டை மட்டும் அடுத்த பூஜைவரை கலைக்கவில்லை.

அந்த ஜீப் வாங்கியதே ஒரு வாக்குக்காக. படாளத்தில் பெண் பார்க்கப் போனபோது, சொந்த வண்டியில் கடலுக்கு அழைத்துப் போவதாகக் கோமளாவிடம் சொன்னாராம். மாசி மகத்துக்குப் பஸ்ஸில் போய் கோமளா கடலைப் பார்த்திருக்கிறார். "அது ஊர்க்காரங்களோட கடலு. இவரு சொன்னது வேற" என்பார் கோமளா. செங்கல்பட்டிலிருந்து மகாபலிபுரம் போய், சுண்டல் தின்று, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். தணிகாசலம் அதற்கு ஆயத்தமாகிக்கொண்டே இருந்தார். ஒரு வாரம் இடதுபக்க ஸ்பிரிங் கிரீச்சிடும். ஒரு வாரம் ஸ்டியரிங் லேசாக இழுக்கும். எல்லாம் சரியான வாரத்தில் உப்புக்காற்று ஞாபகம் வரும். கொளவாய் ஏரிவரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவார். அது நன்னீர்.

"கடலுக்குப் போற வண்டின்னா மட்டும் பிதுங்குன கிரீஸத் தொடைக்கக் கூடாது சார்" என்று ஒருமுறை சொன்னார். "உப்பு அரிக்காம இருக்க அதான் வண்டிக்குச் சட்ட."

"எப்போது போகிறீர்கள்?"

"அடுத்த ஞாயிறு."

கோமளா என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் அந்தப் பதிலை என்னைவிட அதிகம் கேட்டவர்.

சாவு வீட்டில் அவர் அழுது ஓய்ந்திருந்தார். "ஞாயித்துக்கெழம துணி கிழிச்சி வெச்சேண்ணா. வாங்கவே இல்ல. வேல முடிச்சி எழுந்து வந்து, அடுத்த ஞாயிறு கடலுக்குப் போறோம்னாரு. திங்கக்கெழம விடியக்காலம் நெஞ்ச புடிச்சிகினாரு. துணி வேணாம்னப்பவே ஒடம்பு முடியல போல, எனக்குத்தான் தெரியல" என்றார். அந்தத் துண்டு ஜன்னல் கம்பியில் மடித்தபடியே கிடந்தது.

அஸ்தி கரைக்க தணிகாசலத்தின் மகன் வாடகைக் கார் சொல்லியிருந்தான். கோமளா ஏறவில்லை. "அவரு ஜீப்லதான் வருவாரு." நான் ஓட்டினேன். முன்னால் கோமளா, பின்னால் மடியில் கலசத்துடன் மகன். திருக்கழுக்குன்றம் தாண்டி எத்தனை வளைவு, எத்தனை குழி! ஸ்டியரிங் விரல் சொன்னபடி கேட்டது. வண்டியில் எங்கிருந்தும் ஒரு முனகல் இல்லை. இவ்வளவு தயாரான வண்டியை நான் ஓட்டியதில்லை. அந்த எண்ணம் வழியெல்லாம் உறுத்திக்கொண்டே வந்தது.

கரைத்து முடிந்ததும் கோமளா ஈரப் புடவையோடு நின்று கேட்டார்: "நெஜமா இட்டுகினு வந்திருப்பாராண்ணா?"

"கண்டிப்பாக."

"நீங்க சும்மா சொல்றீங்க."

சும்மாதான் சொன்னேன்.

கடலுக்குப் போன வண்டியை அப்படியே நிறுத்தக் கூடாது என்று, வீடு திரும்பியதும் அடியில் படுத்து செல்போன் வெளிச்சத்தைக் காட்டினேன். ஸ்டியரிங் மூட்டுகளிலும் ஸ்பிரிங் மூட்டுகளிலும் பிதுங்கிய கிரீஸ் தடியாக அப்பியிருந்தது. கையால் இழுத்து நன்றாகப் பூசியும் விட்டிருக்கிறார். ஒரு இடம்கூட துடைத்திருக்கவில்லை. அதன்மேல் மகாபலிபுரத்து மணல் ஒட்டியிருந்தது.

கோமளாவைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தார். நான் விளக்கவேண்டி வரவில்லை. இத்தனை வருடம் துணி கிழித்துக் கொடுத்தவர் அவர்.

"அதான் துணி வேணாம்னாரா" என்றார். பிறகு தரையில் உட்கார்ந்து, அன்றைக்கெல்லாம் அழாத விதமாக அழுதார்.

மகன் ஊருக்குப் போன பிறகு, கிரீஸ் கன் தன்னிடமே இருக்கட்டும் என்றார். ஜன்னல் கம்பியில் கிடந்த புடவைத் துண்டை எனக்குக் கொடுத்தார். ஓரத்தில் ஜரிகை போன, கறைபடாத துணி. தணிகாசலத்தின் நினைவாக நான் வைத்திருப்பது அது ஒன்றுதான்.

நேற்று, "அடுத்த ஞாயிறு கடலுக்குப் போலாமாண்ணா?" என்று கோமளா கேட்டார். இன்று காலை போய் வண்டியைக் கழுவி, எல்லா மூட்டுக்கும் புதுசு தெரியும்வரை அடித்தேன். துணி பையிலேயே இருந்தது. எடுக்கவில்லை.