சிந்தின கோதுமையும் லீக் பட்டியலும்

1. சிவப்பு மையில் ஒரு வரி

திங்கட்கிழமை காலை மேனேஜர் ஷெட்டுக்குள் வந்தார். நோட்டீஸ் போர்டில் நான் ஒட்டியிருந்த லீக் பட்டியலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். திரும்பி மேஸ்திரியிடம் சொன்னார்:

“இனிமே புட்பால் பசங்களுக்கு பிராக்டிஸ் கெடையாது. எல்லாரையும் கோதுமைக் கப்பல்ல போடு. டபுள் ஷிப்ட்.”

நான் கையில் டாலி போர்டோடு அப்படியே நின்றேன். “சார், லீக் பாதிதான் சார் முடிஞ்சிருக்கு...” என்று இழுத்தேன்.

“நீதானேய்யா எழுதியிருக்க, செமி பைனல் உறுதின்னு? சிவப்பு மையில வேற! உறுதி ஆனதுக்கு அப்புறம் எதுக்கு பிராக்டிஸ்?”

போய்விட்டார். என் வாயை நானே தைத்துக்கொண்டிருக்கலாம். கையையும் சேர்த்துத்தான்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்த சங்கதி இது. கல்மண்டபத்தில் குடியிருந்துகொண்டு, துறைமுகத்தில் ஒரு ஸ்டீவடோர் கம்பெனியில் டாலி கிளார்க்காக இருந்தேன். கப்பலிலிருந்து சரக்கை இறக்குவது கம்பெனியின் வேலை. இறங்கும் மூட்டையை எண்ணுவது என் வேலை. வின்ச் தூக்கிக் கொண்டுவரும் ஒவ்வொரு ஸ்லிங்குக்கும், அதாவது கயிற்றில் கட்டிய மூட்டைக் கொத்துக்கும், போர்டில் ஒரு கோடு போட வேண்டும். நாலு கோடு நின்றதும் ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து ஒரு கட்டு. நாள் முழுக்க இதுதான். தூக்கத்தில் கூட விரல் கோடு போடும் என்று என் மனைவி கேலி பண்ணுவாள்.

துறைமுகக் கம்பெனிகளும் பக்கத்து ஃபேக்டரிகளும் சேர்ந்து வருஷா வருஷம் ஒரு புட்பால் லீக் நடத்தின. பத்து டீம், ஆளுக்கு ஒன்பது ஆட்டம், முதல் நாலு டீம் செமி பைனல். அந்த வருஷம் பாதி சீசனில் எங்கள் டீம் ஐந்தில் நாலு ஜெயித்து, ஒன்று டிரா. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, “எண்ணுறவன் நீ. எந்த டீம் எந்த இடம், யாரெல்லாம் செமிக்குப் போவாங்க, எல்லாம் போட்டு ஒரு லிஸ்ட் ஒட்டு” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பாயின்ட், கோல் ஆவரேஜ் எல்லாம் வகுத்துப் போட்டு, எங்கள் பெயரை உச்சியில் எழுதி, “செமி பைனல் உறுதி” என்று சிவப்பு மையில் அடிக்கோடும் இட்டேன்.

இதில் ஏழுமலையின் பிழைப்பு மாட்டிக்கொண்டிருந்தது. எங்கள் கேப்டன் அவன்; டீம் ஆட்களில் பெரும்பாலோர் அவனோடு ஒரே கேங்கில் மூட்டை தூக்கினவர்கள். வியாசர்பாடிக்காரன். சென்டர் ஹாஃப். வெறுங்காலோடு ஆடுவான், பூட்ஸ் போட்ட ஆள் ஓடிவந்து மோதினாலும் பந்து அவன் காலை விட்டுப் போகாது. அப்படி ஒரு ஆட்டக்காரனை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை என்றால் மிகையில்லை. ஆனால் ஏழு வருஷமாக கேஷுவல். தினம் காலையில் கேட்டில் நிற்க வேண்டும், மேஸ்திரி கை காட்டினால் வேலை, இல்லாவிட்டால் வீடு. “டீம் செமிக்குப் போகட்டும், உனக்கு பெர்மனென்ட் கார்டு போடறேன்” என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த வாக்கின் வாயில் மண்ணை அள்ளிப் போட்டவன் நான்தான்.

2. தனம் அக்கா சொன்னதும் நான் சிரித்ததும்

அதே திங்கட்கிழமை, மேனேஜர் போனதும் தனம் அக்கா துடைப்பத்தோடு போர்டுக்கு முன்னால் வந்து நின்றாள். ஷெட்டில் சிந்தும் தானியத்தைக் கூட்டி, முறத்தில் புடைத்து, கூடையில் சேர்க்கும் பெண்களில் ஒருத்தி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். படிப்பு கிடையாது. வாய் மட்டும் மேஸ்திரியையும் ஓடவைக்கும்.

“இன்னா நைனா எழுதிகீறே?”

“நம்ம டீமுதான் அக்கா பஸ்ட்டு. செமி பைனல் கேரண்டி.”

“டபுள் சிப்ட்ல போட்டுக்கீறான் இல்ல? அப்பால இன்னா கேரண்டி? ரெண்டு வாரத்துல பாரு, காலு பின்னிக்கும்.”

“ஒனக்கு எப்பிடிக்கா தெரியும்?”

“என் கூடைய பாரு, தெரியும்.”

நான் சிரித்துவிட்டேன். கோல் ஆவரேஜை மூன்று தசம ஸ்தானம் வரை போட்டவன் நான். கூடையைப் பார்த்து புட்பால் தெரிந்துகொள்வதா? அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

அடுத்த ஆட்டத்தில் மூன்றுக்கு ஒன்று தோற்றோம். அதற்கடுத்ததில் இரண்டுக்கு சைபர். ஏழுமலையே ஒரு பந்தைத் தவறவிட்டு மைதானத்தில் குந்திவிட்டான்.

3. கையால் ஆடும் புட்பால்

அந்தக் கோதுமைக் கப்பல் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதன் மூன்றாவது ஆபீசர் டாலி ஷீட்டில் கையெழுத்துப் போட ஷெட்டுக்கு வருவார். நெட்டையான ஆள், நல்ல மனுஷர். ஒருநாள் போர்டைப் பார்த்து, “புட்பாலா?” என்று உற்சாகமாகிவிட்டார். தன் ஊரிலும் இப்போது பாதி சீசன்தான், சம்பளத்துக்கு ஆடும் டீம்கள், பத்திரிகையில் இதே மாதிரி பட்டியல் போடுகிறார்கள், வீட்டிலிருந்து அதைக் கத்தரித்துத் தபாலில் அனுப்புகிறார்கள் என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். உங்கள் சென்டர் ஹாஃப் எப்படி என்று கேட்டேன். அவர் ஒரு பழைய சாக்கைச் சுருட்டி, அக்குளில் இடுக்கிக்கொண்டு ஷெட்டின் நடுவே குனிந்து ஓடிக் காட்டினார்.

“சார், சார்! கையில தொட்டா ஃபவுல்!” என்று நான் பதறினேன்.

வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் கொக்கியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அவர்கள் ஊரில் புட்பால் என்றால் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதாம், எதிராளி மேலே விழுந்து அமுக்குவதாம். “அது புட்பால் இல்ல, வழிப்பறி” என்று மேஸ்திரி தீர்ப்புச் சொன்னார்.

சிரிப்பு அடங்கியதும் ஆபீசர் சட்டைப் பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்துக் காட்டினார். அவர் ஊர் டீம் எல்லாரையும்விட அதிகமாக ஜெயித்திருக்கிறது. ஆனால் பட்டியலில் ஆறாவது இடம். கடைசிச் சாம்பியன் ஆட்டத்துக்கு அது வராது என்று ஆரூடம் வேறு.

“இது அநியாயம் இல்லையா?” என்றேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்.

அவர் தலையை ஆட்டினார். தங்கள் டீமின் முக்கிய ஆட்டக்காரனுக்கு முழங்கால் போய்விட்டது, எழுதியவன் எழுதியது சரிதான் என்றார். பாயின்ட் என்பது போன மாதத்துச் சமாச்சாரம். இன்றைக்கு மோதினால் யார் ஜெயிப்பார் என்பதைத்தான் அங்கே வாரா வாரம் புதிதாக எழுதுகிறார்களாம். பிறகு என் பட்டியலில் எங்கள் பெயரின் மேல் விரல் வைத்து, மூட்டை சுமந்துகொண்டிருந்த ஏழுமலையைக் கண்ணால் காட்டி, “இவர்கள் இன்றைக்கு ஓடுவார்களா?” என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. நேரே தனம் அக்காவிடம் போனேன்.

4. கிழிசல்

“அக்கா, அன்னிக்கு கூடைய பாருன்னியே, இன்னா அது?”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “இப்பத்தான் வயி தெரிஞ்சுதா? இத்த கேளு. ஒடம்புல தெம்பு கீறவன் மூட்டையோட மூலைக் காதுல கொக்கிய போடுவான். காதுல தெச்சது ரெட்டைத் தையலு, கியியாது. அசந்து போனவன் எங்க கை வுழுதோ அங்க போடுவான். நடு வயித்துல மாட்டுவான். பர்ருனு கியிஞ்சி கோதுமை கொட்டும். மின்னாடி ஏயுமலை கேங்குக்கு நான் ஒரு நாளைக்கு அரைக் கூடை கூட்டுவேன். இப்ப நாலு கூடை கூட்டறேன். பக்கத்து கம்பெனி பசங்களாண்ட இன்னும் அரைக் கூடைதான். அவங்கதான் செமிக்குப் போவானுங்க.”

டாலி ஷீட்டின் கடைசிக் கட்டத்துக்கு ‘கிழிசல்’ என்று பெயர். எந்த கேங்கில் எத்தனை மூட்டை கிழிந்தது என்று தினமும் எழுதியவன் நானேதான்! ஓடிப்போய்ப் பழைய ஷீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். லீக் ஆரம்பத்தில் ஏழுமலை கேங்குக்கு ஐந்து, நாலு, ஆறு. டபுள் ஷிப்டுக்குப் பிறகு இருபத்திரண்டு, இருபத்தெட்டு, முப்பத்தொன்று. என் கையெழுத்து, என் மை. எண்ணியவன் நான்; படித்தவள் எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி. மலைத்துப் போனேன் ஐயா, மலைத்துப் போனேன்.

அன்று மாலையே பழைய பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதிது எழுதினேன். பாயின்ட்படி நாங்கள் இன்னும் மூன்றாவது. ‘இன்று மோதினால்’ என்று தலைப்புப் போட்டு எங்களை ஏழாவது இடத்தில் இறக்கினேன். பக்கத்தில் கிழிசல் எண்ணிக்கை.

ஒட்டுவதற்குள் ஏழுமலை வந்து நின்றான். “இன்னா சார், இப்படி கவுத்துட்டியே! மேனேஜர் பாத்தா கார்டு புட்டுக்கும் சார். எம் பொஞ்சாதி மூணு மாசமா கார்டு, கார்டுன்னு கேட்டுகினு கீறா.”

“கவுக்கல ஏழுமலை. ஒன்ன மேல ஏத்தி எழுதினதுதான் கவுத்தது. நம்பு.”

“நம்பி என்னா பண்றது” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான்.

மேனேஜர் மறுநாள் படித்தார். முகம் சிவந்தது. “நீ டாலி கிளார்க்கா, ஜோசியக்காரனா? நம்ம டீமை நம்ம போர்டிலேயே ஏழாவதுன்னு எழுதறதுக்கு எவ்வளவு திமிர்!”

பழைய ஷீட்டுகளை அவர் முன்னால் விரித்தேன். “சார், ஒரு தடவை கடைசிக் கட்டத்தைப் பாருங்க. டபுள் ஷிப்ட் போட்ட தேதியையும் பாருங்க.”

பார்த்தார். “முப்பத்தொண்ணா?” என்றார். அன்றே புட்பால் ஆட்கள் ஒற்றை ஷிப்டுக்கு வந்தார்கள். மேனேஜர் போகும்போது என் தோளைத் தட்டி, “நல்ல கணக்கு” என்றார். அது என் கணக்கில்லை, தனம் அக்காவின் கணக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பாராட்டை அப்படியே முழுங்கினேன்.

5. கடைசி ஆட்டம்

எட்டாவது ஆட்டம் டிரா. கடைசி ஆட்டம் கயிறு ஃபேக்டரி டீமோடு. டிரா ஆனாலும் நாங்கள் நாலாவது, தோற்றால் வெளியே. ஒன்றுக்கு ஒன்று என்று நின்றபோது கடைசிப் பத்து நிமிஷம் அவர்கள் எங்கள் கோலை விட்டு நகரவே இல்லை. ஏழுமலை அன்று ஆடியதைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. தலையால் தட்டினான், நெஞ்சால் தடுத்தான். எங்கள் கோல்கீப்பர் விழுந்து கிடக்க, கோட்டுக்கு உள்ளே போக இருந்த பந்தைச் சறுக்கிப் போய் வெறுங்காலால் வெளியே தள்ளினான். “சோக்கா கீதுடா ராஜா!” என்று கத்தியது நான்தான், கிளார்க் என்ற கௌரவமெல்லாம் மறந்து. டிரா. நாலாவது இடம். செமியில் நாலு கோல் வாங்கினோம், அது கிடக்கட்டும்.

அடுத்த வாரம் ஏழுமலைக்குக் கார்டு வந்தது. கை கொடுத்தேன். அப்போதாவது உண்மையைச் சொல்லத் தோன்றியதே, அதுவரைக்கும் புண்ணியம். “நன்றி எனக்கு இல்ல, அக்காவுக்குச் சொல்லு” என்றேன். அவன் காராபூந்திப் பொட்டலத்தோடு போய் அவள் கையில் கார்டைக் கொடுத்தான். அவள் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல இன்னா எழுதிகீது?”

“எம் பேருக்கா. கேங்கு நம்பரு. வேலைக்கு வந்த வருசம்.”

“பேரெல்லாம் எழுதுவாங்களா!” என்றாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டாள்: “நைனா, கூட்டறவளுங்க டீமு எந்த லீக்குல கீது?”

கேலியாகத்தான் கேட்டாள். பன்னிரண்டு வருஷமாக அந்த ஷெட்டைக் கூட்டுகிறவள். கம்பெனியின் எந்தக் காகிதத்திலும் அவள் பெயர் இல்லை.

மறுநாள் காலையிலிருந்து டாலி ஷீட்டின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘கூட்டியவர்கள்: தனம்...’ என்று தொடங்கி அன்றைக்கு வந்த பெண்கள் எல்லாருடைய பெயரும். மேனேஜர் ஒரு தடவை இது எதற்கு என்றார். கிழிசலுக்குச் சாட்சி சார் என்றேன், விட்டுவிட்டார்.

சில வருஷம் கழித்து அந்தப் பெண்கள் பெர்மனென்ட் கேட்டபோது, இவர்கள் இங்கே வேலை செய்ததற்கு ரிகார்டே இல்லை என்று கம்பெனி கைவிரித்தது. லேபர் ஆபீஸ் விசாரணைக்கு நான் டாலி ஷீட்டுகளைக் கட்டுக் கட்டாகத் தலையில் சுமந்துகொண்டு போனேன். பதினோரு பேருக்குக் கார்டு கிடைத்தது.

இப்போது வேலைக்கு வருகிற தம்பிகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றுதான். பட்டியல் போடத் தெரிந்தால் மட்டும் போதாது. உச்சியில் யார் என்று பார்ப்பதற்கு முன், பட்டியலிலேயே இல்லாதவர் யார் என்று ஒரு தடவை சுற்றிப் பாருங்கள்.

விசாரணை அன்று தனம் அக்கா மேஜைமேல் இருந்த ஷீட்டைக் காட்டி, “எம் பேரு எது நைனா?” என்றாள். காட்டினேன். விரலை அதன்மேல் வைத்தவள், ஆபீசர் இரண்டு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை.