இருபத்து மூன்று நிமிடம்

என் அப்பாவுக்குப் பிறர் பேசுவதைக் கேட்பதுதான் வேலை. இன்றைக்கும் அதைச் சொல்ல எனக்குக் கூச்சம். யாராவது கேட்டால் "டெலிபோன் டிபார்ட்மென்ட்" என்று மென்று முழுங்குவோம். உண்மையில் அது ஓர் அரசு அலுவலகத்தின் மூன்றாம் மாடி. ஜன்னலில் கறுப்புக் காகிதம், நாலு மேஜை, நாலு ஹெட்போன், நாலு ரெஜிஸ்டர். மேலிடம் யாருடைய போனைக் கேட்கச் சொல்கிறதோ, அதைக் கேட்டு எழுத வேண்டும். எட்டு மணி நேரம் ஊரார் பேச்சைக் கேட்டுவிட்டு வந்தவருக்கு எங்கள் பேச்சு ஏறவே ஏறாது. "உங்கப்பா காதை ஆபீஸ்லயே கழட்டி வெச்சுட்டு வந்துட்டாரு, நாளைக்குச் சொல்லு" என்பாள் அம்மா. நான் எந்த வகுப்பு படிக்கிறேன் என்றுகூட ஒருமுறை தப்பாகச் சொன்ன மனிதர் அவர்.

முன்னெல்லாம் அந்த அறையில் கேள்விமுறை கிடையாது. யார் போனை வேண்டுமானாலும், எத்தனை வருஷம் வேண்டுமானாலும் கேட்கலாம். பிறகு கோர்ட் கடிவாளம் போட்டது. ஒருவரின் போனைக் கேட்க நீதிபதியிடம் காரணம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். வழக்குக்குச் சம்பந்தமில்லாத வீட்டுப் பேச்சு தொடங்கினால் பதிவை நிறுத்திவிட்டு ஹெட்போனையும் கழற்ற வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை மாட்டி, பேச்சு மாறிவிட்டதா என்று மட்டும் பார்க்கலாம். நிறுத்திய நேரத்தையும் மறுபடி தொடங்கிய நேரத்தையும் ரெஜிஸ்டரில் குறிக்க வேண்டும்.

அறையில் மற்ற மூவரும் முணுமுணுத்தார்களாம். அப்பா மட்டும் "நியாயமான ஆர்டர்தானே" என்றாராம். வீட்டுப் பேச்சு என்றால் அந்த விநாடியே பதிவை நிறுத்திவிடுவார். ஹெட்போனை மட்டும் கழற்ற மாட்டார்.

அப்படி அவர் ஏழு மாதம் கேட்டது ஒரு டீச்சரின் போனை. ஆசிரியர் சங்கச் செயலாளர். தனியாக இருந்தவர். பள்ளிகளில் வேலைநிறுத்தம் நடந்த வருஷம் அது. அதைச் சதி என்று அரசு வழக்குப் போட்டது. கையில் இருந்த ஒரே ஆதாரம் அப்பா எடுத்த பதிவுகள். சட்டப்படிக் கேட்டிருந்தால்தான் அவை செல்லும். இல்லையென்றால் வழக்கே இல்லை, டீச்சர் வீட்டுக்குப் போகலாம்.

அப்பா சாட்சி சொல்ல வேண்டிவந்தது. முந்தின நாள் மேலதிகாரி எங்கள் வீட்டுக்கே வந்தார். நான்தான் டீ கொடுத்தேன்.

"ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை மாட்டிப் பார்த்தேன்னு சொல்லிடுங்க, போதும். ரிட்டயர் ஆக ஒரு வருஷம்தானே இருக்கு? எதுக்கு வீண் வம்பு?"

அப்பா தலையை ஆட்டினார். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. புரிந்திருந்தாலும் நான் வாயைத் திறந்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

கோர்ட்டில் டீச்சரின் வக்கீல் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பிடித்துக்கொண்டார். "வீட்டுப் பேச்சுன்னு எழுதியிருக்கீங்க. அப்போ ஹெட்போனைக் கழட்டினீங்களா?"

"கழட்டினேங்க. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை மாட்டிப் பார்த்தேன்."

டீச்சர் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பதிவுகள் செல்லும் என்றார் நீதிபதி. டீச்சருக்கு வேலை போயிற்று, தண்டனையும் கிடைத்தது.

பதினான்கு மாதம் கழித்து மேல் கோர்ட் அதே ரெஜிஸ்டரை வாங்கிப் பார்த்தது. அப்பா சுத்தக்காரர். எதையும் ஒரு நிமிடம் கூட்டியோ குறைத்தோ எழுதத் தெரியாதவர். வீட்டுப் பேச்சு ஏழு நிமிடம், பதினொரு நிமிடம், இருபத்து மூன்று நிமிடம் என்று வரிசையாகக் குறித்து வைத்திருந்தார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை மாட்டிப் பார்த்தவருக்குப் பேச்சு ஒற்றைப்படை நிமிடத்தில் முடிந்தது எப்படித் தெரிந்தது என்று கேட்டார்கள் நீதிபதிகள். ஒரு மனுஷியின் வீட்டுக்குள் முழு நேரமும் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று தீர்ப்பில் எழுதினார்கள். பதிவுகளை அழிக்கச் சொல்லி, டீச்சரை விட்டுவிட்டார்கள். ஆனால் அந்தப் பதினான்கு மாதத்துக்குள் அவரைப் பெற்றவள் போய்ச் சேர்ந்திருந்தாள்.

அப்பா அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். தீர்ப்பால் விசாரணை ஒன்று தொடங்கி, பென்ஷன் தாள்கள் யார் மேஜையிலோ கிடந்தன. அப்படியிருக்க ஒரு மத்தியானம் டீச்சரே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"சண்டை போட வரலைங்க" என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "ரெஜிஸ்டர்ல அந்த இருபத்து மூணு நிமிஷம் இருக்குல்ல, அதுதான் எங்கம்மா என்கிட்ட கடைசியா பேசினது. மறுநாள் என்னைப் பிடிச்சுட்டாங்க, அவங்களால ஜெயிலுக்கு வந்து பார்க்க முடியல. நான் அன்னிக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டே ம், ம்னு சொல்லிட்டிருந்தேன். என்ன சொன்னாங்கன்னே நினைவில்ல. பதிவும் கிடையாது. நீங்க கேட்டிருந்தா சொல்லுங்க. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

அப்பா தரையைப் பார்த்தார். எனக்கு அந்த நேரம் நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் மனதுக்குள் நான் 'சொல்லாதே, சொல்லாதே' என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன். விசாரணை முடியவில்லையே.

"நான் ஹெட்போனைக் கழட்டிட்டேம்மா" என்றார் அப்பா.

டீச்சர் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கொடுத்த தண்ணீர் அப்படியே இருந்தது.

அவர் தெருமுனை தாண்டியிருப்பார், அப்பா அந்த நாற்காலியைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார். "முட்டி வலி தேவலை, அதுக்காக ஓடி வராதேன்னாங்க. அப்புறம், சின்னதுலேர்ந்து உன்கிட்ட வேலைதான் வாங்கினேன், ஒரு நாள் உன்னை நல்லாத் தூங்க விடலைடீன்னாங்க. பேப்பர் புரட்டுற சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு. அப்புறம் அவங்க..."

நான் பொரிந்து தள்ளிவிட்டேன். "என்கிட்ட சொல்லி என்னப்பா பிரயோஜனம்? வாசல்ல வந்து நின்னாங்களே, அப்ப வாயில என்ன இருந்துச்சு? நான் பேசினதுல ஒரு வார்த்தையாவது உங்களுக்கு இப்படி நினைவிருக்கா?" எத்தனையோ வருஷத்து ஆத்திரம் எல்லாம் அந்த மத்தியானம் வந்து கொட்டியது. சற்று முன் மனதுக்குள் வேண்டிக்கொண்டதை அவரிடம் சொல்லவில்லை, பழியை மட்டும் அவர் தலையில் கட்டினேன். அப்பா வாயை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு மீதியை நான் கேட்டதுண்டு. "விடும்மா" என்பார். டீச்சர் வீட்டுத் தெருவரைக்கும் மூன்று முறை போய்த் திரும்பியதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். விசாரணை முடிந்து பென்ஷன் வந்தது. அதிலிருந்து எட்டாவது மாதம் நெஞ்சு வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்ததும் நான் டீச்சர் வீட்டுக்குப் போனேன். டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளை அனுப்பிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார். பேனாவை மூடி வைத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். அப்பா முழு நேரமும் கேட்டார் என்று சொல்லிவிட்டு, முட்டி வலியைச் சொன்னேன். தூங்க விடவில்லை என்றதைச் சொன்னேன். அதற்கே ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் கண்ணைத் துடைக்கவில்லை, காத்திருந்தார்.

"அப்புறம்?" என்றார்.

"அவ்வளவுதாங்க தெரியும். மீதியைச் சொல்ல வந்தாரு. நான்தான் கேக்கல."

டீச்சர் தலையை ஆட்டினார். "நானும்தான்" என்றார்.