'எஸ்' எழுத்தில் இருந்த எண்

ரெட்டிபாளையத்தில் சிமென்ட் ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்ததில் என் விரல் நுனிகள் காய்ப்பேறிவிட்டன. தொடுதிரையில் எத்தனை முறை தட்டினாலும் பதியாது. அதனால் இரண்டு வருடத்துக்கு முன் மகள், கீழே பட்டன் கீபோர்டு வைத்த ஸ்மார்ட்போன் ஒன்றை வாங்கி அனுப்பினாள். அதில் ஓர் எழுத்தை அழுத்திப் பிடித்தால், அதற்கென்று பதிந்த எண்ணுக்கு அழைப்பு போகும். நான் பதிந்தது ஒன்றுதான்: 'எஸ்', என் மனைவி சரோஜா. அவள் இறந்து ஒன்றரை வருடமாகியும் அதை மாற்ற மனம் வரவில்லை.

சென்ற மாதம் ஒரு மத்தியானம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். இடுப்பை அசைக்க முடியவில்லை. மூக்குக்கண்ணாடி எங்கோ தெறித்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தேன். திரையில் ஒன்றும் தெரியவில்லை. விரல் தானாகத் தடவிப் போய் 'எஸ்'ஸை அழுத்தியது.

யாரோ ஒரு பெண் எடுத்தார். அந்த எண் வேறொருவர் கைக்குப் போயிருப்பது எனக்குத் தெரியாது.

"சரோஜா, வுழுந்துட்டேன்" என்றேன்.

"ஐயா, நான் சரோஜா இல்லீங்க. எந்த ஊரு, எந்தத் தெரு, சொல்லுங்க. போனை மட்டும் வச்சிடாதீங்க."

அரியலூர் முகவரியைச் சொன்னேன். தன் கணவரின் போனில் ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை அவர் என்னோடு பேசிக்கொண்டே இருந்தார்.

தேறி வந்ததும் எதிர்வீட்டுக்காரரிடம் எண் கேட்கப் போனேன். "ஏழு வருஷமா எதிரெதிர இருக்கோம், இப்பத்தான் கேக்கறீங்க சார்" என்றார். இப்போது அவருக்கும் மகளுக்கும் ஆளுக்கோர் எழுத்து. தினமும் காலையில் எதிர்வீட்டுக்கு அழைத்து, "எழுந்துட்டேங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.