இசட் டிரைவில் ஒரு ராஜினாமா

குழாய் விற்கும் அந்தக் கம்பெனியில் அவரை எல்லோரும் சிஸ்டம் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடம் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கோபம் வந்தால் மனைவியே "என்ன சிஸ்டம்" என்று ஆரம்பிக்கும் அளவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் மாடியில், ஏசி சொட்டுகிற வாளிக்குப் பக்கத்தில் அவருடைய மேஜை. அங்கே உட்கார்ந்தபடியே அலுவலகத்தின் எந்தக் கம்ப்யூட்டருக்குள்ளும் நுழைந்துவிடுவார்.

அதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன் டிரைவ் முழுவதையும் நிர்வாகிக்கு மட்டும் ரகசியமாகத் திறந்து வைத்திருக்கிறது. அந்த வழியின் பெயர் ஒரு டாலர் குறியில் முடியும். நெட்வொர்க்கில் தேடுகிறவர்கள் கண்ணில் அது படாது. பாதையும் பாஸ்வேர்டும் தெரிந்தவர் மட்டும் உள்ளே போகலாம். சிஸ்டம் சார் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்தைக் கொடுத்து, தன் சொந்த டிரைவ் போல வரிசையாக மாட்டி வைத்திருந்தார். கணக்குப் பிரிவு எஃப், கிடங்கு ஜி, வரவேற்பறை எச். ஆங்கிலத்தில் இருபத்தாறே எழுத்துதான் என்பது அவருடைய நிரந்தர மனக்குறை. தமிழில் இருநூற்று நாற்பத்தேழு இருக்கும்போது இவர்களுக்கு ஏன் இந்தக் கஞ்சத்தனம் என்று கேன்டீனில் புலம்புவார்.

ஆனால் அவரை அரித்துக்கொண்டிருந்த கவலை வேறு. மனைவிக்கு வேறு ஊரில் நர்ஸ் வேலை கிடைத்து, ஆறு வயது மகளோடு போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. இவர் வேலையை விட்டுவிட்டுப் போய்ச் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. ராஜினாமாக் கடிதமும் தயார். தினமும் மதியம் அதைத் திறப்பார், ஒரு கமாவைத் தள்ளி வைப்பார், மூடிவிடுவார். பெயர், பதவி, தேதி மூன்றையும் தைரியம் வருகிற நாளில் நிரப்பிக்கொள்ளலாம் என்று காலியாக விட்டிருந்தார். இந்த மாதத்துக்குள் கொடுக்கவில்லை என்றால் இனி வரவே வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

கடிதம் இருந்தது சர்வரில் அவருக்கென்று இருந்த இடத்தில். அதற்கு அவர் கொடுத்த எழுத்து இசட். ஒரு செவ்வாய்க்கிழமை மேலாளரின் கம்ப்யூட்டர் குப்பை சேர்ந்து திணறியது. வேறு எழுத்து மிச்சமில்லாததால் சிஸ்டம் சார் இசட்டைக் கழற்றி, டாலர் குறி வழியாக மேலாளரின் டெஸ்க்டாப்பில் மாட்டி, குப்பையை அள்ளிக் கொட்டினார். திரும்ப மாற்றி மாட்ட மறந்தே போனார். கடிதம் அப்போது அவர் திரையில் திறந்திருந்தது. வழக்கம்போல ஒரு கமாவைத் தள்ளிவிட்டு, இசட்டில் சேமித்தார். அது நேராகப் போய் மேலாளரின் திரையில், அவர் முகத்துக்கு எதிரே உட்கார்ந்தது.

மறுநாள் காலை மேலாளர் கூப்பிட்டனுப்பினார். உள்ளே போன சிஸ்டம் சார் திரையில் தன் கடிதத்தைப் பார்த்தார். மேலாளரோ கண் கலங்கிப்போய் இருந்தார். எப்போது எழுதினோம் என்று நினைவில்லை, ஆனால் வரிக்கு வரி தன் மனசுதான் என்றார். மகளை வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் போனில்தான் பார்க்கிறேன் என்ற வரியைத் தொட்டுக் காட்டினார்.

"நாங்க ஒரே வீட்லதான் இருக்கோம். அவ ரூமை விட்டு வெளிய வர்றதில்ல. போன்ல போட்டோ போட்டாத்தான் மூஞ்சியே பாக்குறேன்."

பிறகு கேட்டார்: "என்னைத் தவிர வேற யாராவது இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள வர முடியுமா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும், நினைத்ததும் நடந்திருக்கும். ஆனால் தொழில் கௌரவம் என்று ஒரு சனியன் இருக்கிறதே. யாராலும் உள்ளே வர முடியாது என்று பதினோரு வருடமாகச் சத்தியம் பண்ணிய வாய் அது.

"முடியவே முடியாது சார்."

அப்படியானால் நான்தான் எழுதியிருக்கிறேன் என்று மேலாளர் காலியிடங்களில் தன் பெயரையும் பதவியையும் தேதியையும் நிரப்பி, நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை வழியனுப்பு விழா. இயக்குநர் கடிதத்தை உரக்க வாசித்தார். கணக்குப் பிரிவில் இரண்டு பேர் அழுதார்கள். சிஸ்டம் சாரும் கைதட்டினார். பொறாமையில் நெஞ்சு வெந்தது.

மாதத்தின் கடைசி நாள் ஒருவழியாகத் தைரியம் வந்தது. காலியிடங்களை நிரப்பி, பிரிண்ட் எடுத்து, பணியாளர் பிரிவு மேடத்திடம் கொடுத்தார். அந்த அம்மாள் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். கோப்பிலிருந்து மேலாளரின் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இதையெல்லாமா சார் காப்பி அடிப்பாங்க? பெத்த மகளைப் பத்தி அவர் மனசு உருகி எழுதினதைக்கூட விட்டு வைக்கல."

என்னுடையதுதான் என்றால், அது மேலாளரின் கம்ப்யூட்டருக்குள் எப்படிப் போனது என்று சொல்ல வேண்டும். சிஸ்டம் சார் மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: என் மகளுக்கு ஆறு வயது. நான் போகிறேன்.

மேடம் உதட்டைப் பிதுக்கினார். இவ்வளவு மொட்டையாக இருந்தால் இயக்குநர் ஏற்கமாட்டார் என்றார். பிறகு பாவமாக இருந்ததோ என்னவோ, மேலாளரின் கடிதத்தை ஒரு நகல் எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொறுமையா படிங்க சார். மனசுல இருக்கிறதை எப்படி எழுதணும்னு தெரியும்."

சிஸ்டம் சாருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சரி மேடம், வீட்டுக்கே கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டு, மகள் இருக்கும் ஊருக்குப் பஸ் பிடிக்க நடந்தார்.